முலாம் என்று சொன்னேன்

சாந்தோம்,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மகனுக்கு,

நீ எழுதிய கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. வழக்கமாக வந்த அன்றே பதில் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, உன் கடிதத்தில் இருக்கும் எழுத்துப் பிழைகளையும் எண்ணி அனுப்புகிற அப்பா, இந்த முறை ஏன் மூன்று நாள் பேசாமல் இருந்தார் என்று நீ நினைத்திருக்கலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவும் சுகம். முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. அதற்கு அவள் என்னைத்தான் குறை சொல்கிறாள், அதுவும் வழக்கம்தான். பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். நாற்பது பையன்கள் முன்னால் முப்பது வருஷம் வாயை மூடாமல் பேசியவனுக்கு, பெற்ற பிள்ளைக்கு நாலு வரி எழுத வரவில்லை.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். பம்பாயில் ஹோட்டல் பேண்டில் வாசிக்கிற ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, மலிவான ஓர் எலெக்ட்ரிக் கித்தாரை உன்னிடம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். தந்தியை இறுக்கும் முறுக்காணி நழுவுகிறது, சத்தம் வரும் பெட்டியில் 'உம்' என்று இரைச்சல் வருகிறது, தடித்த தந்திகள் சரியாகக் கேட்கவில்லை. இதையே செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, தள்ளிவிட்டு நல்லதாக வேறு வாங்குவதா என்று கேட்டிருக்கிறாய். ஈஸ்டர் கழித்துக் கல்யாணம் ஆகப்போகிறவன் இதையா யோசிப்பான் என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குக் கீழே நீ எழுதியிருந்த வரியை அவளுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. "நானே பிரித்துப் பார்க்கலாம்தான், ஆனால் என் கைராசி உங்களுக்குத் தெரியாததா அப்பா?" என்று எழுதியிருக்கிறாய். தெரியும் மகனே. உன் கைராசியைப் பற்றி இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். வாசித்து முடித்த பிறகு நீ என்ன நினைத்தாலும் அது நியாயம்தான்.

ஜப்பான் சண்டை முடிந்த வருஷம் உனக்குப் பதினெட்டு வயது. மூர் மார்க்கெட்டில், பட்டாளத்துக்காரன் எவனோ விட்டுப்போன பழைய கித்தார் ஒன்றை வாங்கி வந்தாய். முதுகில் ஒரு கீறல், நரம்புத் தந்தி ஆறு. வாசித்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. "இது கித்தாரா, மரக்கட்டைக்கு மீசை வச்சிருக்கா?" என்று நான் கேலி செய்தேன். நீ கோபப்படவில்லை. அந்த டிசம்பரில் வெள்ளைக்காரர்களின் நடன மண்டபம் ஒன்றின் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒன்றைப் பார்த்திருந்தாய். அங்கே ஒருவன் கித்தாரை மெல்லத் தொட்டான், சத்தம் அவனுக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து வந்தது. அன்றிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை. தந்திக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி, அந்தக் கம்பியின் இரண்டு முனையும் ரேடியோவில் கிராமபோன் சொருகும் துளைக்கு. அவ்வளவுதான் விஷயம் என்று ஏதோ பழைய பத்திரிகையில் படித்துவிட்டு வந்து சொன்னாய். பௌதிகம் சொல்லித்தரும் எனக்கே அது புதிது. ஆனால் 'அப்படியா' என்று கேட்காமல் 'தெரியுமே' என்று தலையை ஆட்டினேன். என் தலை அப்படி ஆடியே பழகியது.

காந்தத்தை உடைந்த டெலிபோன் குழாயிலிருந்து எடுத்தாய். அம்மாவின் தையல் மிஷினில் பாபின் சுற்றும் இடத்தில் அதைப் பொருத்தி, தலைமுடியை விட மெல்லிய கம்பியை ஒரு விரலால் தடவித் தடவி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றினாய். நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும் என்று அம்மா வாசலில் நின்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினாள். நமக்கு மீன் கொண்டுவரும் பட்டினப்பாக்கத்துச் சவுரியம்மாவைக்கூட "உள்ள வராதே, பையன் எண்ணிக்கிட்டு இருக்கான்" என்று சொல்லித் தடுத்தாள். நாம் ஏதோ புதையல் எடுத்துவிட்டோம் என்று சவுரியம்மா ஒரு வாரம் சந்தேகப்பட்டாள். அந்தக் கம்பிச் சுருள், நீ சொல்லும் 'காயில்', முடிந்ததும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தையல் ஊசியைக் காயில் மேல் ஆட்டினாய். 'டிக், டிக்' என்று கேட்டது. "அப்பா, பேசுது!" என்று நீ கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பங்குத் திருநாள் கலைநிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருந்தது. மாதா பாட்டு ஒன்றை இந்தக் கித்தாரில் வாசிக்கப் பங்குச் சாமியார் அனுமதி கொடுத்திருந்தார். பங்கு மண்டபத்து ரேடியோவை அன்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். நரம்புத் தந்தியைக் காந்தம் உணராது, இரும்புத் தந்தி வேண்டும். அந்தச் சமயத்தில் கித்தாருக்கென்று தந்தி எங்கேயும் கிடைக்கவில்லை. நீ பரீட்சை எழுதப் போகும் அவசரத்தில் சைக்கிளில் ஏறியபடி சொன்னாய்: "அப்பா, மயிலாப்பூர்ல வீணைத் தந்தி கிடைக்கும். ஸ்டீல்தானான்னு பார்த்து வாங்குங்க. ஸ்டீல் மட்டும்." எனக்கே பாடம் சொல்கிறாயா என்று சிரித்துக்கொண்டு போனேன்.

குளத்தங்கரைப் பக்கம் கடையில் மெல்லியதில் மூன்றும் தடித்ததில் மூன்றுமாக ஆறு தந்தி கேட்டேன். கடைக்காரர் தந்திகளைச் சுருட்டிக் காகிதத்தில் வைத்துக்கொண்டே, "மெல்லிசுக்கு எஃகு வச்சிருக்கேன் சுவாமி. தடிசா இருக்கற மந்தரத்துக்குப் பித்தளைதான், அதுதான் நன்னா பேசும். வீணை ஆத்துல யார் வாசிக்கறா?" என்று கேட்டார். வீணை இல்லை கித்தார் என்று சொன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கும் என்று "என் சம்சாரம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பித்தளை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் அது இன்னொரு பொய். காதில் விழுந்தது, மனசு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் நீ காகிதத்தைப் பிரித்தாய். மூன்று மெல்லிய தந்திகள் வெள்ளை, மூன்று தடித்தவை மஞ்சள். "அப்பா, இது மஞ்சளா இருக்கே?" என்று கேட்டாய். அப்போது கடைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. திரும்ப மயிலாப்பூர் வரை நடக்க வேண்டும். அதைவிட, தப்பாக வாங்கிவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டும். நான் நாற்காலியில் சாய்ந்தபடி, வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னேன்: "உள்ளே எஃகுதாண்டா. மேலே முலாம். துரு பிடிக்காம இருக்கப் பூசுவாங்க, இதுகூடத் தெரியாதா?" நீ உடனே தந்திகளைப் பூட்டினாய். மறுநாளும் பரீட்சை இருந்ததால் ஹெட்போனில் கேட்டுப் பார்க்க நேரமில்லை. காந்தத்தை எடுத்து வைத்துப் பார்க்கலாமே என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. அப்பா சொன்ன பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

திருநாள் அன்று மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும். நீ அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, அதனால் நானே சொல்கிறேன். மெல்லிய தந்திகள் ரேடியோப் பெட்டியிலிருந்து கணீர் என்று வந்தன. சனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு பாட்டு கீழே இறங்கியது, உன் கட்டைவிரல் தடித்த தந்திக்குப் போனது, பெட்டி ஊமையாகிவிட்டது. மேலே ஏறினால் சத்தம், கீழே வந்தால் ஒன்றுமில்லை. முன்வரிசையில் இருந்த சவுரியம்மா சத்தமாகக் கேட்டாள்: "இன்னா நைனா, பாதிப் பாட்டு பொட்டிக்குள்ளயே மாட்டிக்கிச்சா?" அவள் கெட்ட மனசோடு கேட்கவில்லை. மண்டபமே சிரித்தது. நீ நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாய். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சிரிக்கும்போது வாய் தானாகப் போய்விட்டது. நீ அதைப் பார்த்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

நாலு நாள் கழித்து மூன்றாம் பார வகுப்பில் காந்தப் பாடம். வருஷா வருஷம் அதே பாடம், அதே காந்தம். ஆணியை எடுத்துக் காட்டி, "இழுக்குமா?" என்று கேட்டேன். "இழுக்கும் சார்!" பித்தளைத் தாழ்ப்பாளைக் காட்டி, "இதை?" என்று கேட்டேன். "இழுக்காது சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. கையில் தாழ்ப்பாளோடு அப்படியே நின்றேன். உன் காயிலில் பழுதில்லை, கித்தாரில் பழுதில்லை, மூன்று மஞ்சள் தந்தியில்தான் வினை என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடத்தை, அதைச் சொல்லித் தருகிறவனே தன் பிள்ளைக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறான். மணி அடித்ததும் நேரே வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது கை வரவில்லை.

சொல்லவில்லை, அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மாதம் நீ அந்தக் காயிலைப் பிரித்தாய், சுற்றினாய். விரல் நுனியெல்லாம் கம்பி அறுத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தாய். மூன்றாவது முறையும் ஹெட்போனில் தடித்த தந்திகள் பேசாதபோது என்னிடம் வந்து நின்றாய். இன்று பம்பாயிலிருந்து கேட்ட அதே கேள்வியை அன்றும் கேட்டாய்: "அப்பா, இதையே சரி பண்ணலாமா, இல்ல வேற வாங்கலாமா?" என் வாயில் பதில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, பித்தளை. ஆனால் நான் சொன்னது இது: "மட்டமான சாமான்டா அது. உன் கைக்கும் அது வராது. ரெண்டையும் விட்டுட்டுப் பரீட்சைக்குப் படி." நீ தலையை ஆட்டினாய். அந்த வாரமே, கிண்டியில் ஒயர்லெஸ் படிப்புக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யாமல் விட்டாய். அம்மா அதை அலமாரித் தட்டில் விரித்து மேலே தட்டுகளை அடுக்கினாள். தினமும் தட்டு எடுக்கும்போது அதில் 'விண்ணப்பதாரர் பெயர்' என்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பிறகு நீ ரயில்வே குமாஸ்தா பரீட்சை எழுதித் தேறி, பம்பாய்க்கு வேலைக்குப் போனாய். ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை? முதலில் வெட்கம். பிறகு, உண்மையைச் சொல்கிறேன், என் பொய் எனக்கு வசதியாகிவிட்டது. ஒயர்லெஸ், பெட்டி, பாட்டு என்று நீ அலைவதைவிட மாதச் சம்பளத்தில் உட்காருவது நல்லது என்று எனக்கு முன்பே ஆசை இருந்தது. உன்னோடு வாதாடி ஜெயிக்க என்னால் முடியாது, நீ கெட்டிக்காரன். மூன்று தந்தி எனக்காக ஜெயித்துக் கொடுத்தது. மாதா மாதம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கோபப்பட்டேன், பூசைக்குத் தாமதமாகப் போனேன் என்று ஏதேதோ சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. இந்த வியாழக்கிழமைதான் சொன்னேன். "இதை எங்கிட்ட சொல்லி என்ன சார், பையன்கிட்ட சொல்லுங்க" என்றார் சாமியார்.

அதனால் உன் கேள்விக்கு வருகிறேன், இந்த முறை ஒழுங்காக. கித்தாரைத் தலைப்பக்கமாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, கழுத்து நேராக இருக்கிறதா பார். நேராக இருந்தால் அதைத் தள்ளிவிடாதே. மற்றதெல்லாம் மாற்றக்கூடியவை. முறுக்காணி நழுவினால் அதன் திருகை இறுக்கிப் பார், அடங்காவிட்டால் முறுக்காணியை மட்டும் மாற்று. நீ தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், எங்கோ தரைக் கம்பி, அதாவது எர்த், விட்டுப்போயிருக்கிறது, உள்ளே ஈயத்தால் ஒரு பற்று வைத்தால் போதும். இது எனக்குத் தெரிந்ததல்ல, மாம்பலத்தில் ரேடியோ பழுது பார்க்கிறவரிடம் நேற்றுப் போய்க் கேட்டு எழுதுகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காந்தத்தை எடுத்து அந்தத் தடித்த தந்திகளிடம் கொண்டுபோ. ஒட்டவில்லை என்றால் உனக்கு முன்னால் வைத்திருந்தவனும் என்னைப் போன்ற ஒருவனிடம் தந்தி வாங்கியிருக்கிறான். கழுத்தே வளைந்திருந்தால் வேறு வாங்கு. அதையும் நீயே பிரித்துப் பார்த்து முடிவு செய். நான் சொன்னேன் என்று செய்யாதே. இனி நான் எதைச் சொன்னாலும் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு நம்பு.

நேற்று மாம்பலத்திலிருந்து அப்படியே மவுண்ட் ரோடு போனேன். இப்போது அங்கே கித்தாருக்கென்றே தந்தி வருகிறது. பள்ளிக்கூடத்துக் காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். கடைப்பையன் எடுத்து வைத்த செட்டில் தடித்த தந்திகள் மஞ்சளாக இருந்தன. காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். "இன்னா சார், தந்தி வாங்க வந்தியா, ஊசி பொறுக்க வந்தியா?" என்று அவன் சிரித்தான். ஒட்டியது மகனே. ஆறும் ஒட்டியது. மேலே சுற்றியிருப்பது வேறு, உள்ளே எஃகு. நான் அன்று வாய்க்கு வந்தபடி சொன்ன பொய், உலகத்தில் எங்கேயோ நிஜமாகவே இருந்திருக்கிறது. கடை வாசலில் நின்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உன் பழைய கித்தாரை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். நான் கொடுக்கவில்லை. பீரோ மேல் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தேன், நீ மூன்றாவது முறை சுற்றிய காயிலும் அதிலேயே இருந்தது. இன்று காலை அதை இறக்கி, பித்தளையைக் கழற்றி, புதுத் தந்தி ஆறையும் பூட்டினேன். போன வருஷம் வாங்கிய நம் ரேடியோவின் பின்னால் நீ அன்று சொன்ன துளையைக் கண்டுபிடித்துச் சொருகினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, சுருதி கூட்டவும் தெரியாது. மெல்லிய தந்தியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சுண்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைத் தொடக் கொஞ்ச நேரம் ஆனது. தொட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஐந்து. ஆறு. சமையலறையிலிருந்து அம்மா கை கழுவாமல், முழங்கால் வலியையும் மறந்து ஓடிவந்தாள். "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டாள். கித்தாரோடு என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த மாசம் பூரா அவன் சரியாவே சாப்பிடலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அலமாரியில் தட்டுகளை எடுத்துக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அந்த விண்ணப்பத்தைத் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இந்தக் கடிதத்தோடு அதையும் அனுப்பச் சொல்கிறாள். அந்தத் தாள் இப்போது செல்லாது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அனுப்புகிறேன். இந்த வயதிலும் அந்தப் படிப்புக்குச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று திங்கட்கிழமை கிண்டிக்குப் போய்க் கேட்கிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

உன் கல்யாணத்துக்கு அப்பா தரும் புத்திமதி ஒன்றே ஒன்று. அந்தப் பெண் எதையாவது காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், நாளைக்கு உன் பிள்ளை கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். தப்பாக வாங்கிவிட்டேன் என்று சொல். ஒரு நடை திரும்பப் போ.

கடைசியில் எழுதுகிறேன் என்றேனே, அது இது. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது நீ தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து முதல் காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தாய். எண்ணி எண்ணிச் சுற்றியதைத் திரும்ப எண்ணிக்கொண்டே அவிழ்த்தாய், எங்கே தப்பு செய்தோம் என்று கண்டுபிடிக்க. இன்னும் பாதிக்கு மேல் சுற்று மிச்சம் இருந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உனக்கு எதிரே உட்கார்ந்து, நீ கடைசிச் சுற்றை அவிழ்க்கும் வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா